அஞ்சடி வட்டம்

அண்ணன்: எங்கே திரும்புறதும்மா? முன்னாடி அடுப்பு, பின்னாடி ஃப்ரிட்ஜ், நடுவுல நான்.

தங்கை: திரும்பித்தான் ஆகணும்ணே. 'இந்த ரூம்ல சக்கர நாற்காலியில உக்காந்தே டீ போட்டுக் காட்டுறேன்'னு காலையில வந்த நகராட்சி இன்ஸ்பெக்டர்கிட்ட சவால் விட்டது நீதானே.

அண்ணன்: அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவரு சிரிச்சுட்டுப் போயிருக்கணும்...

தங்கை: சிரிச்சாரே. சிரிச்சுக்கிட்டே, 'போடுங்க, நாலு மணிக்கு வந்து குடிக்கிறேன்'னாரு. நாற்காலியை நான் போய் வாடகைக்கு எடுத்துட்டு வந்தேன். ஏய், காலை ஊனக் கூடாது.

அண்ணன்: எங்க ஊனினேன்?

தங்கை: வலது கால் கட்டைவிரல்.

அண்ணன்: ரிசப்ஷன்ல உக்காந்து உக்காந்து உனக்குப் போலீஸ் கண்ணு வந்துருச்சு. இங்க பாரு, நான் என்ன குறை வெச்சேன்? வாசல்ல படிக்குப் பக்கத்துல சரிவு போட்டேன். பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி. கதவுல சக்கர நாற்காலிப் படம். இருபது ரூம் ஹோட்டலுக்கு இப்படி ஒரு ரூம் போதும்னு எனக்குத் தெரியும்.

தங்கை: ஒரு ராத்திரி படுத்துட்டுப் போற ஹோட்டலுக்குப் போதுமாம். நம்ம போர்டுல நீ என்ன எழுதி வெச்சிருக்க? நானே படிக்கிறேன். 'மாதக்கணக்கில் தங்கலாம். சொந்த வீடு போல் சமைக்கலாம்.'

அண்ணன்: விளம்பரம்னா நாலு வார்த்தை கூடத்தான் இருக்கும்.

தங்கை: அந்த நாலு வார்த்தையைத்தான் அவரு பிடிச்சுக்கிட்டாரு. மாசக்கணக்குல ஆள் தங்குனா அது வீட்டுக் கணக்குல சேருமாம். வீடுன்னா சமையல்கட்டையும் சேர்த்து அளக்கணும். நாற்காலி சுத்தித் திரும்ப அஞ்சடி வட்டம் காலியா இருக்கணும். சிங்க்குக்கு அடியில முட்டி நுழையணும். அதுவும் ஒரு ரூம் போதாதாம், நாலு ரூம்ல இப்படி இருக்கணுமாம்.

அண்ணன்: லைசென்ஸ் குடுக்கும்போது ஹோட்டல், இடிக்கச் சொல்லும்போது வீடா? நல்லா இருக்கு நியாயம்.

தங்கை: நியாயத்தை அப்புறம் பேசலாம். மணி மூணே கால். தண்ணி பிடி.

அண்ணன்: குழாய் எட்டல.

தங்கை: கிட்டப் போ.

அண்ணன்: முட்டி அலமாரில இடிக்குதும்மா.

தங்கை: பக்கவாட்டுல போய்ப் பாரு.

அண்ணன்: பக்கவாட்டுல போனா ஃப்ரிட்ஜ் கதவு... ஸ்ஸ். விரல். சரி, குழாயை விடு. டீத்தூள் எங்க?

தங்கை: மேல் தட்டுல.

அண்ணன்: எந்தப் புத்திசாலி அங்க கொண்டுபோய் வெச்சது?

தங்கை: நீதான். கண்ணாடி டப்பா மேல இருந்தா ஃபோட்டோவுல எடுப்பா இருக்கும்னு.

அண்ணன்: ...எடுத்துக் குடேன்.

தங்கை: இங்க தனியா தங்குறவங்களுக்கு எடுத்துக் குடுக்கத் தங்கச்சி கூட வர்றதில்லண்ணே.

அண்ணன்: தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சொல்லப் போற. அதானே?

தங்கை: நான் சொல்லல. நீயே சொல்லிட்ட.

அண்ணன்: சரி, இன்ஸ்பெக்டரை இங்க வரவெச்ச புகாரை யாரு குடுத்திருப்பா? அவரு பேரைச் சொல்ல மாட்டேங்கிறாரு. அந்தக் கணக்கு டீச்சரா இருக்குமோ? வைத்தியத்துக்கு வந்து, சக்கர நாற்காலியோட இதே ரூம்ல மூணு மாசம் இருந்தாங்களே.

தங்கை: அவங்க போகும்போது நம்ம கருத்து நோட்டுல என்ன எழுதினாங்க?

அண்ணன்: 'மிக்க நன்றி, அன்பாகப் பார்த்துக்கொண்டார்கள்.' அதான் எனக்கும் புரியல. வாய் நிறையப் பாராட்டிட்டு யாராவது...

தங்கை: அந்த மூணு மாசமும் பாத்திரத்தை எங்க கழுவினாங்கன்னு தெரியுமா?

அண்ணன்: சிங்க்லதான்.

தங்கை: பாத்ரூம்ல. மடியில துண்டை விரிச்சு, ஒவ்வொரு பாத்திரமா மடியில வெச்சு. ஒருநாள் தலையணை உறை மாத்த நான் வந்தப்போ பார்த்தேன். சேலை முழுக்க ஈரம். என்னைப் பார்த்துட்டு, 'ரெண்டு தடவை குளிச்ச மாதிரி ஆச்சு'ன்னு சிரிச்சாங்க.

அண்ணன்: ...எங்கிட்ட ஏன் சொல்லல?

தங்கை: சொல்ல வேணாம்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. வந்த இடத்துல எதுக்கு வம்புன்னு.

அண்ணன்: நான் தினமும் வாசல்ல நின்னு, 'எல்லாம் வசதியா இருக்கா டீச்சர்'னு கேட்டேன். 'ரொம்ப வசதி'ன்னாங்க.

தங்கை: நீ கேட்டுக்கிட்டே நடந்து போயிடுவண்ணே. முழுப் பதிலுக்கு நிக்க மாட்ட.

அண்ணன்: நாலு சமையல்கட்டையும் இடிச்சுடலாம். அவரு வந்ததும் நானே சொல்லிடறேன். நாளைக்குக் கொத்தனாரை வரச்சொல்லு.

தங்கை: சவால் என்னாச்சு?

அண்ணன்: சவாலும் வேணாம், டீயும் வேணாம். நீயே ரெண்டு கப் போட்டுக் குடு. அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.

தங்கை: இதுக்கா காலையில அவ்வளவு குதிச்ச?

அண்ணன்: குதிச்சதுக்குக் காரணம் வேற. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்... திட்டாத.

தங்கை: சொல்லு, பார்க்கலாம்.

அண்ணன்: மூணு வாரத்துக்கு முன்னாடி அந்த டீச்சர் ஃபோன் பண்ணாங்க. ரெண்டாவது ஆபரேஷனாம், மறுபடி ரெண்டு மாசம் இங்க தங்கணும்னாங்க. இந்த ரூம் காலியாத்தான் இருந்தது. போன தடவை சக்கரம் பட்டுச் சுவரெல்லாம் கோடு விழுந்திருந்துச்சு... அது ஞாபகம் வந்து, ரூம் இல்லன்னு சொல்லிட்டேன். 'பரவாயில்ல தம்பி'ன்னாங்க. அன்னையிலேர்ந்து மனசு உறுத்துது, அதை மறைக்கத்தான் குதிச்சேன். இப்ப எங்க அலையுறாங்களோ, தெரியல.

தங்கை: எங்கயும் அலையலண்ணே, எங்க வீட்டு ஹால்லதான் இருக்காங்க. நீ ஃபோனை வெச்ச கையோட எனக்குத்தான் பண்ணாங்க. அந்தப் புகாரைக்கூட அங்க உக்காந்து ரெண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினோம். அளவெல்லாம் அவங்க சொன்னாங்க, கையெழுத்து நான் போட்டேன்.