பீஸ் கட்டையில் ஜரிகை

ஆங், அதேதாங்க. கட்டையில கீதே, அது பீஸ் கம்பி இல்ல, ஜரிகைதான். முறுக்கிப் போட்டது. இந்தத் தெருவுல எந்த வூட்டுல கழட்டிப் பாத்தாலும் அதான் இருக்கும். கம்பி வாங்கணும்னா மார்க்கெட்டு வரிக்கும் போவணும். ஜரிகை தறியிலயே கீது.

நீங்க வேலையப் பாருங்கண்ணா, நான் பேசிகினு இருக்கேன். இது அஞ்சு ஆம்பியர் கட்டைன்னு சொன்னீங்களே. மோட்டாரு பாடியத் தொட்டு ஷாக் அடிச்சா, ஆளு மேல எத்தினி ஆம்பியர் போவும்?

மில்லியா? மில்லின்னா இன்னா?

ஓ, ஆயிரம் மில்லி சேந்தா ஒரு ஆம்பியரு. பட்டு நிறுக்கறாப்பல. ஆயிரம் கிராமு ஒரு கிலோ. அப்ப நூறு மில்லின்னா கிலோவுல நூறு கிராமு, பத்துல ஒரு பங்கு.

அதுவே போதுமா உசுரு போவ. ஈரமா இருந்தா எரநூறு கூட போவுமா.

ஈரந்தாங்க. தலைக்கு ஊத்திகினு, முடிகூட தொவட்டாம, ஊடை நூலத் தார்க்குச்சியில சுத்தற மிஷின நிறுத்தப் போனா. சாவித்திரி. எங்க பொண்ணு. ஒம்போதாவது படிச்சிகினு இருந்தா.

இல்லீங்க, எனக்குத் தண்ணி வேணாம். அழுவமாட்டேன், பயப்படாதீங்க. அழுகை வரமாட்டேங்குது. காரியம் முடிஞ்சிபோச்சி, பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்துட்டேன்.

துக்கத்துக்கு வந்த அத்தினி பேரும் ஒரே பேச்சு. ஒழுங்கா கம்பி போட்டிருந்தா பீஸ் போயிருக்கும், பொண்ணு பொழச்சிருக்கும், ஜரிகைதான் கொன்னுச்சின்னு. நீங்க சொல்றதப் பாத்தா, கம்பியே போட்டிருந்தாலும் அஞ்சு ஆம்பியருக்கு மேல போனாத்தான அறுவும்? அஞ்சுன்னா அய்யாயிரம் மில்லி. அவ மேல போனது எரநூறு. கம்பிக்கு அது தெரிஞ்சே இருக்காது. இல்லீங்களா?

அப்ப ஷாக் அடிச்சது எர்த் ஒயரு அறுந்ததாலயா. எலி கடிச்சிருக்குமா. சரி. எலி.

ஜரிகை போடறது தப்புதாங்க, இனிமே போடமாட்டோம். நீங்க கம்பியே போடுங்க.

முடிஞ்சதும் ஒரு நிமிசம் உள்ள வாங்கண்ணா. தறிகிட்ட எங்க வூட்டுக்காரரு உக்காந்துகினு இருக்காரு. ஜரிகை முறுக்கிப் போட்டது அவருதான். அன்னைலேர்ந்து அந்தக் கையால சோறு தொடறதில்ல. நான்தான் ஊட்டறேன். நான் சொன்னா கேக்கமாட்டாரு, நீங்க ஒயர்மேனு, கேப்பாரு. பட்டு நிறுக்கற மாதிரி சொல்லுங்க, ஜல்தியா புரிஞ்சிக்குவாரு.

இன்னொண்ணு. அப்பால ரோசன பண்ணிப் பாத்து, கணக்கு வேற மாதிரின்னு தோணிச்சின்னா, அத எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. அவருகிட்ட இதயே சொல்லிடுங்கண்ணா.