கரையேறாத காட்டுக் குளியல்

அக்கா: தம்பி, இந்தப் பாறையை நாம ஏற்கனவே பார்த்தாச்சு.

வழிகாட்டி: பார்த்தா என்னக்கா? இப்ப புதுசா பாருங்க. காட்டுக் குளியல்னா அதுதான். மெதுவா நடக்கணும், மூச்சை நல்லா உள்ள இழுக்கணும், எங்கயும் போய்ச் சேரணும்னு அவசரமே...

அக்கா: என் கைக்குட்டை அங்கயே கிடக்கு.

வழிகாட்டி: அது... வேற யாரோடதாவது...

அக்கா: ஓரத்துல நான் தைச்ச பூ எனக்குத் தெரியாதா?

வழிகாட்டி: சரி, அதை விடுங்க. கண்ணை மூடுங்க. காத்து எந்தப் பக்கம் வருதுன்னு கவனிங்க.

அக்கா: நான் கண்ணை மூடினா நீங்க என்ன பண்ணுவீங்க?

வழிகாட்டி: நானும் மூடுவேன்.

அக்கா: பொய்! கொஞ்ச முன்னாடி கண்ணை மூடச் சொன்னப்பவே ஓரக்கண்ணால பார்த்தேனே. மரம் மரமா ஓடிப்போய்த் தடவிட்டு வந்தீங்க.

வழிகாட்டி: மரத்தைத் தொடுறது ஒரு பயிற்சிக்கா. மனசு அமைதியாகும்.

அக்கா: தொட்டுட்டுத் தலையில கையை வெச்சுக்கிறதும் பயிற்சியா?

வழிகாட்டி: அது... வெயில் அதிகம்க்கா.

அக்கா: வழி தெரியலைன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்?

வழிகாட்டி: தெரியலைக்கா.

அக்கா: அப்பாடா...

வழிகாட்டி: என்னது, அப்பாடாவா? ஒண்ணுமே புரியலையே! காலையிலயே வந்து வழி நெடுக மரத்துல சிவப்பு ரிப்பன் கட்டினேன். திரும்பி வர அதுதான் அடையாளம். இப்ப ஒண்ணுகூட இல்ல. குரங்கு அவுத்திருக்குமோ?

அக்கா: அவுத்திருக்கும், அவுத்திருக்கும்.

வழிகாட்டி: ரெட்டை முடிச்சுக்கா!

அக்கா: குரங்கோட சாமர்த்தியம் உங்களுக்குத் தெரியாது.

வழிகாட்டி: பேசாம உங்க போனை ஆன் பண்ணிடலாமா? என் பையிலதான் இருக்கு, என்னோடது ஆபீசுல மாட்டிக்கிச்சு. ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொன்னா ஆள் அனுப்பி...

அக்கா: தொடாதீங்க! குளிச்சு முடிக்கிற வரைக்கும் போனே கூடாதுன்னு நீங்கதானே வாங்கி வெச்சீங்க?

வழிகாட்டி: குளிக்கவா செய்யறோம்? முழுகிட்டு இருக்கோம்! எனக்கு இது முதல் நாள்க்கா. உங்களைத் தொலைச்சுட்டு நின்னா முதலாளி என் சீட்டைக் கிழிச்சு அனுப்பிடுவார். காட்டு வாசல்ல உங்க வீட்டுக்காரர் வேற காத்துட்டு இருக்கார்.

அக்கா: இருக்கட்டும்.

வழிகாட்டி: பாவம்க்கா அவர். உங்களை விட்டுட்டுப் போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நல்லா அமைதியாக்கி அனுப்புங்க தம்பி"ன்னார். அவர் கண்ணே கலங்கிடுச்சு. இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்.

அக்கா: ஆமா... குடுத்துதான் வெச்சிருக்கணும்.

வழிகாட்டி: என்னக்கா?

அக்கா: ஒண்ணுமில்ல... கண்ணுல ஏதோ பூச்சி.

வழிகாட்டி: ரெண்டு கண்ணுலயுமா? ஐயோ, அழாதீங்க... எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துடுறேன். இருங்க, உங்க பையில துண்டு வெச்சிருந்தீங்களே...

அக்கா: வேண்டாம், நானே எடுத்துக்கி...

வழிகாட்டி: அக்கா... இது என் ரிப்பன்.

அக்கா: காட்டுல குப்பை போடக்கூடாதுன்னு நீங்கதானே பாடம் நடத்தினீங்க?

வழிகாட்டி: அதுக்காக அத்தனையுமா? நான் முன்னால நடக்க நடக்க, நீங்க பின்னாலயே அவுத்துக்கிட்டு... நிஜமாவே குப்பைன்னா நெனச்சீங்க?

அக்கா: முதல்ல எடுத்ததைக் குப்பைன்னுதான் எடுத்தேன். அப்புறம் வழிக்கு அடையாளம்னு புரிஞ்சுபோச்சு. மிச்சத்தை வேணும்னேதான் அவுத்தேன்.

வழிகாட்டி: தலை சுத்துதுக்கா. வழி தொலையணும்னு யாராவது... ஏன்க்கா?

அக்கா: "மனசு லேசாகி வா, வந்ததும் உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்"னு சொல்லித்தான் அவர் அனுப்பினார். ஆனா அவர் புதுசா வாடகைக்குப் பிடிச்ச வீட்டுச் சாவியை எப்ப வாங்கிக்கிறார்னு, தரகர் அவருக்குப் பதிலா எனக்கே போன் போட்டுக் கேட்டுட்டார் தம்பி... ஒத்தை ஆள் மட்டும் தங்குற வீடாம். நான் வாசலுக்குப் போனாத்தானே அவரால அதைச் சொல்ல முடியும்?