பின்சீட்டில் ஆடும் கால்

லுவா: காலை ஆட்டாதடி தியெப், ஸ்கூட்டர் ஆடுது.

தியெப்: நான் ஆட்டலம்மா. அதுவா ஆடுது.

லுவா: அதுவா ஆடுதாம்! இந்த சாய்கோன் நெரிசல்ல பின்சீட்ல பேயை ஏத்திக்கிட்டு ஓட்டுறேன். சோத்துப் பொட்டலம் காலியா?

தியெப்: சிக்னலுக்கு ஒரு வாய்... இறங்கி நடக்கவா? உனக்கு முன்னாடி போய்ச் சேந்துடுவேன்.

லுவா: வேர்த்துக் கொட்டிட்டுப் போனா கணக்கு டியூஷன்ல தூங்கி வழிவ. பத்தாங் கிளாஸ்ல சேர நுழைவுப் பரீட்சை...

தியெப்: ...முடியட்டும், அப்புறம் ஓடு, ஆடு. கேட்டுக் கேட்டு காது புளிச்சிடுச்சு. ஸ்கூல் வாசல்ல ஏத்துற, டியூஷன் வாசல்ல இறக்குற. விளையாட்டு பீரியடையும் கணக்கு வாத்தியார் புடுங்கிக்கிட்டார். எனக்குக் கால் எதுக்கு?

லுவா: ஓ... அப்ப அந்தக் கட்டைவிரல் எப்படி வீங்குச்சாம்?

தியெப்: அது... பெஞ்சுல இடிச்சுக்கிட்டேன்.

லுவா: டியூஷன் பெஞ்சுலயா? நீ அந்தப் பக்கமே வர்றதில்லன்னு டீச்சர் போன் பண்ணாங்களே! வாயில என்ன கொழுக்கட்டையா?

தியெப்: பூங்காவுலம்மா... இறகுப்பந்தைக் கீழ விழாம காலால தட்டுவோம்ல, அது. டீம்ல சேத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை மேட்ச். நிறுத்திடாதம்மா, ப்ளீஸ். அதை ஆடிட்டு வந்தாத்தான் ராத்திரி கால் அடங்குது, தூக்கமே வருது.

லுவா: நான் வாசல்ல வண்டி மேலயே உக்காந்து காத்துக் கிடக்கேன். நீ பின்பக்கமா நழுவுற!

தியெப்: நீ... வாசல்லயா இருந்த?

லுவா: பின்ன?

தியெப்: பூங்காவுல பாட்டு போட்டுப் பொம்பளைங்க உடற்பயிற்சி டான்ஸ் ஆடுவாங்கல்ல? அதுல ஒரு அம்மா மட்டும் ஹெல்மெட்டைக் கழட்டாமயே ஆடுறாங்க.

லுவா: யாராவது... முகம் தெரியக் கூடாதுன்னு...

தியெப்: ஹெல்மெட் பின்னாடி பூனைப் படம். நான் ஒட்டுனது. அம்மா, இப்ப உன் கால் ஆடுது.

லுவா: சரி சரி, டியூஷன் வந்துடுச்சு, இறங்கு. இன்னிக்கு மட்டும் சமத்தா உள்ள போய் உக்காரு. கூட்டிட்டுப் போக அப்பா வர்றார்.

தியெப்: இன்னிக்கு மட்டுமா? அப்ப நாளைக்கு?

லுவா: டீச்சர் போன் பண்ணி ஒரு மாசமாச்சுடி. உன் காதைத் திருகி இழுத்துட்டு வரத்தான் பூங்காவுக்கு வந்தேன். நீ ஆடுறதைப் பாத்தேன்... என் காலும் நிக்கல. நாளைக்குப் பின்பக்கமா நழுவாத, வண்டியில ஏறு. ரெண்டு பேரும் சேந்தே போவோம்.