ஜரிகை இழையில சூரியக் காத்து

முப்பத்திரண்டு வருஷமா முகம் சுளிக்காம, முள்ளு முடங்காத மீட்டரும் மூடி தொலையாத பாட்டிலுமா எங்க பிசிக்ஸ் லேபைக் காத்துகினு இருந்த குப்புராஜ் சாருக்கு, ப்ளஸ் டூ பொண்ணுங்க குடுக்கற மடல்.

கண்ணாடிக் குழாய் உடைஞ்சா குழாயைப் பாக்காம கையைப் பாத்தவரே, நீங்க ரிட்டயர் ஆவற இந்த விழா மேடையில உங்களைப் பத்தி எல்லாரும் சொன்னது நிஜம். சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு.

போன வருஷம் எக்ஸிபிஷனுக்கு தீபா ஒரு மாடல் பண்ணா. சூரியன்ல இருந்து வீசற மின்துகள் காத்து, பூமியோட காந்தப்புலத்தைப் பகல் பக்கம் அமுக்கி, ராப்பக்கம் வாலாட்டம் இழுக்குது. ஒவ்வொரு காந்தக்கோடும் எங்க போவுதுன்னு ஆறு மாசம் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு அவ குடுத்தா. நீங்க அதை ஜரிகை இழையில கட்டினீங்க. தறியில குறுக்கால ஓடற ஊடை நூலாட்டம், மின்புலத்துக்கு சிவப்பு நூலு. பன்னிரண்டு இழை மட்டும் ஒரு முனை பூமியில, மறுமுனை சும்மா தொங்கும். காத்தோட காந்தம் தெக்கால திரும்பினா கோடு அப்படித்தான் திறந்துக்கும்.

மாடலுக்குக் காவல் நின்னவ நிலா, தறிக்கார வீட்டுப் பொண்ணு. தொங்கற இழைன்னா அவளுக்கு அறுந்த இழைதான். நடுவர் வர்றதுக்குள்ள ஜல்தியா பன்னிரண்டையும் ஜோடி ஜோடியா பிணைச்சுட்டா.

எல்லாத்தையும் மூடிட்டா காத்தோட சக்தி உள்ள வர வழி எங்கன்னு நடுவர் கேட்டாரு. தீபா உங்களைத் திரும்பிப் பாத்தா. நிலா தலையைக் குனிஞ்சுகினா. நீங்க முன்னால வந்து, "நான்தாங்க கட்டினேன்"னு சொன்னீங்க.

"இத்தினி வருஷம் லேப்ல தூசிதான் தட்டினியாய்யா?"ன்னாரு. ஹாலே சிரிச்சுது. பரிசு போச்சு. அன்னையில இருந்து தீபா உங்களோட பேசறதே இல்ல.

சாயந்திரமே நிலா உங்ககிட்ட வந்து அழுதா. தீபாவை விட்டா அவளுக்கு வேற சிநேகிதி இல்ல. சொன்னா அவளும் போயிடுவான்னு பயம். நீங்க திட்டல. "நீயா சொல்ற அன்னைக்கு சொல்லும்மா. எனக்கு ஒண்ணும் பேஜார் இல்ல"ன்னீங்க. பத்து மாசம் ஆச்சு.

தீபா, லேப்ல இருக்கற அந்த மாடல்ல முடிச்சை ஒரு தடவை பாரு. தறிக்காரங்க முடிச்சு. கண்ணமங்கலத்துல ஏர் ஓட்டி வளந்த சாரோட கைக்கு அது வராது. போட்டவ இப்ப மைக் முன்னால நின்னுகினு இருக்கா.

சார், நோய்நொடி இல்லாம, மாத்திரை டப்பா தேடாம, நெறைய வருஷம் நீங்க நல்லா இருக்கணும்.

கீழ முப்பத்தெட்டு பேர் கையெழுத்து இருக்கு. தீபா இன்னும் போடல. அவளுக்கு இதைக் காட்டவே இல்ல. அவ போட்டாலும் போடலைன்னாலும், ஃபிரேம் மாட்டி நாளைக்கு உங்க வீட்டுக்கே எடுத்தாரோம்.

இப்படிக்கு,
ப்ளஸ் டூ பொண்ணுங்களுக்காக எழுதிப் படிச்ச
நிலா
ஆரணி