பேரிழப்பு, அறுநூறு சொற்களுக்குள்

ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டு, அதைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மேசையிலிருந்த மடிக்கணினியைத் திறந்து நான்காவது பத்திக்குப் போனேன். மணி மூன்று பதினெட்டு. ஐந்து மணிக்குக் கல்லூரியின் விண்ணப்பப் பக்கம் மூடிவிடும். அறுநூறு சொல்லுக்கு மேல் ஒன்று கூடினாலும் அது கட்டுரையை வாங்காது. நம்முடையதில் அறுநூற்று ஒன்று இருந்தது.

"என்ன ஆச்சுன்னு சொல்லுங்கம்மா," என்றது ஃபோன்.

"வீட்டுக்காரர் மொட்டை மாடியிலேர்ந்து கீழ விழுந்துட்டார்."

"மூச்சு இருக்கா?"

"பாத்துட்டுச் சொல்றேன், லைன்ல இருங்க," என்றேன். போவதற்கு முன் 'மிகவும்' என்ற சொல்லை வெட்டினேன். 'மிகவும்' போனதால் எந்த வாக்கியமும் செத்ததில்லை. என் வகுப்பில் முதல் பாடமே அதுதான்.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் என் வாக்குமூலத்தை எழுத ஆரம்பித்ததை நிறுத்தி, நானே எழுதித் தருகிறேன் என்று பேப்பர் கேட்டதற்குத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் முதல் வரியிலேயே மூன்று ஒற்றுப்பிழை. என் பெயரில் போகிற காகிதத்தில் அது வேண்டாம்.

என்னைக் கட்டுரை டீச்சர் என்பார்கள். வீட்டின் முன்னறையில் ஏழு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. பெரிய கல்லூரியில் இடம் கேட்டு விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கல்லூரியை உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் கிடையாது. நூற்றிருபது இடம், நாற்பதாயிரம் விண்ணப்பம். மதிப்பெண்ணை வைத்து யாரையும் கழிக்க முடியாது. நூற்றுக்கு நூறு வாங்கியவர்களை வரிசையில் நிறுத்தினால் பேருந்து நிலையம் தாண்டிப் போகும். ஆகவே ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்கள். நீங்கள் சந்தித்த பேரிழப்பு எது, அது உங்களை யாராக மாற்றியது, அறுநூறு சொற்களுக்குள் எழுதுக.

இந்த வருடம் என்னிடம் ஏழு பேர். ஒருத்திக்கு வீடு எரிந்துபோயிருந்தது. ஒருத்தியின் அண்ணன் ஆற்றோடு போய்விட்டான். இன்னொருத்திக்குப் பத்து வயதில் ஒரு காது போய்விட்டது. கொடுத்துவைத்தவர்கள். ஏழாவது நாற்காலியில் என் மகள், குட்டி. அவளுக்கு எதுவும் இல்லை. அப்பா இருந்தார், அம்மா இருந்தேன், பூனை இருந்தது, பல் வரிசை கூட நூல் பிடித்த மாதிரி இருந்தது.

"நல்லா யோசிச்சுப் பாருடி. எதையாவது தொலைச்சிருப்ப."

"ஏழாவது படிக்கறப்ப வாட்ச் தொலைச்சேன்ல."

"அதைத்தான் பஸ் கண்டக்டர் வீடு தேடி வந்து குடுத்துட்டாரே."

"அதுக்குள்ள ரெண்டு மணி நேரம் அழுதேன்மா."

"ரெண்டு மணி நேர அழுகைக்கெல்லாம் சீட்டு குடுக்க மாட்டாங்க."

சமையலறைக் குழாய்க்கு அடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "பேசாம என்னைத் தொலைச்சுட்டு வாங்களேன். ஒருத்தனும் திருப்பிக் கொண்டுவந்து தர மாட்டான்."

குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, யோசித்தேன். யோசனை அவருடையது என்பதை வழக்கு நாட்குறிப்பில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எடுத்தவுடன் அதற்கு நான் போய்விடவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை. முதலில் பூனையைக் கூடையில் போட்டு ஒன்பது நிறுத்தம் தள்ளி ஒரு தையல்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். நாலாம் நாள் அது கொழுகொழுவென்று, கழுத்தில் சாட்டின் நாடாவோடு திரும்பி வந்தது. குட்டி அதைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஆடினாள். இழப்பு தேடப் போய் வீட்டில் சந்தோஷம் இரண்டு மடங்கானதுதான் மிச்சம்.

அடுத்து அவருடைய வேலை. அவர் லிஃப்ட் மெக்கானிக். அப்பா வேலை இழந்த வீடு என்பது ஓரளவு எடுபடும். மூன்று வருடத்துக்கு முன் அதை வைத்து ஒரு பெண் உள்ளே போயிருக்கிறாள். அவருடைய கம்பெனிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டேன். கம்பிவடங்களைச் சோதிக்காமலே சோதித்ததாகக் கையெழுத்துப் போடுகிறார் என்று, உருக்கமாக, பிழையில்லாமல். கம்பெனிக்காரர்கள் பதறிப்போய் அவர் பார்க்கும் இருநூறு லிஃப்டையும் திறந்து பார்த்தார்கள். ஒரு திருகாணிகூடத் தளர்ந்திருக்கவில்லை. மறுவாரமே அவரை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள்.

கேக் வாங்கி வந்தார். "எவனோ என் மேல கடுதாசி போட்டிருக்கான் டீச்சர். ஆனா என்னமா எழுதியிருக்கான். மேனேஜரே ரெண்டு தடவை படிச்சுக் காட்டுனாரு. உன்கிட்ட படிச்ச பயலோ என்னமோ."

எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கேக்கும் நன்றாக இருந்தது.

அந்த வீட்டில் துக்கம் கால் வைக்க மறுத்தது, மேடம். தலைகீழாக நின்று பார்த்தேன். கதவைத் திறந்தால் யாராவது நல்ல சேதி கொண்டுவந்துவிடுகிறார்கள். விண்ணப்பம் மூட இரண்டு வாரம்கூட இல்லை. மற்ற ஆறு நாற்காலியும் கண்ணீர் சொட்டச் சொட்ட எழுதி அனுப்பிவிட்டன. என் மகளின் காகிதத்தில் ஒரு வாட்ச் படம், அதற்கு மீசை.

ஆகவே நான் எழுத உட்கார்ந்தேன். எழுதினால் வழி பிறக்கும் என்பது என் அனுபவம். பிறந்தது. நம் மொழியில் ஒரு வசதி இருக்கிறது. 'அப்பா சிரித்துக்கொண்டே வருவார்' என்று எழுதினால் இப்போதும் வருகிறார் என்றும் எடுத்துக்கொள்ளலாம், முன்பு வந்துகொண்டிருந்தார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். உயிரோடு இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் அந்த 'வருவார்' ஒன்றுபோல் பொருந்தும். ஐந்து பத்தியை அந்த வினையிலேயே நடத்திவிட்டேன். அப்பா பாடுவார், அப்பா கிரீஸ் கையோடு கட்டிக்கொள்வார், அப்பா ஏணியில் ஏறுவார். ஆறாவது பத்திக்கு மட்டும் இறந்த காலம் தேவைப்பட்டது. கட்டுரை ஒன்பது நாள் முன்பே தயார். உண்மைதான் பின்தங்கியிருந்தது.

இனி ஏணி. இருபது வருடம் லிஃப்ட் பள்ளத்தில் ஏறி இறங்கியவர், முழம் உயர ஸ்டூலில்கூடத் தனியாக ஏற மாட்டார். கீழே ஒருவர் பிடிக்க வேண்டும். பிடித்திருப்பவர் அதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். அது அவர்கள் தொழிலில் சட்டம்: மேலே இருப்பவன் கேட்பான், கீழே இருப்பவன் பதில் சொல்வான், அதற்குப் பிறகுதான் அடுத்த படி. வீட்டில் அது வேடிக்கையாகிவிட்டது. ஒவ்வொரு படியிலும் நின்று, "பிடிச்சிருக்கா?" என்பார். "பிடிச்சிருக்கு," என்பேன். "ஏணியையா, என்னையா?" என்பார். பத்தொன்பது வருடமாக அதே வேடிக்கை, அதே சிரிப்பு. உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதென்றால் விளங்கும்.

கடைசி நாள் மத்தியானம் மொட்டை மாடித் தொட்டி வழிந்தது. தண்ணீரை நிறுத்தும் மிதவை உடைந்திருந்தது. அது தானாக உடையவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். தொட்டி இருப்பது கைப்பிடிச் சுவரை ஒட்டிய மூலையில். தரையெல்லாம் ஈரம், வழவழப்பான ஓடு. அவர் ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏணியைச் சாய்த்து ஏறினார். மேல்படியிலிருந்து தொட்டிக்குள் குனிந்தபடியே கேட்டார்.

"பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு," என்றேன்.

சொல்லிவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பிள்ளைகள் தேர்வு எழுதும்போது அப்படித்தான் நிற்பேன். நான் ஏணியைத் தள்ளவில்லை, மேடம். ஆட்டவில்லை, தொடவே இல்லை. என் மேல் ஒரு பழி உண்டென்றால் அது தொடவில்லை என்பதுதான். ஏணி தானாக யோசித்து, தானாக வழுக்கி, சுவருக்கு அந்தப் பக்கமாக அவரை அனுப்பி வைத்தது. "ஏணியையா" என்பதுவரை சொன்னார்.

அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டீர்கள். தேர்வறை மணி அடித்ததும் கடைசி வரியை முடித்துப் பேனாவை மூடி வைப்போமே, அந்த நிம்மதி. அவ்வளவு லேசாகப் படியிறங்கினேன் என்றால் நம்புவீர்களா. மீதி உங்களுக்குத் தெரியும்: ஃபோன், நான்காவது பத்தி, 'மிகவும்'.

குட்டி கீழே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்னே எப்படி வந்தாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தலைக்கு மேல் வேலை. மருத்துவமனையில் டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டினார். மணி நாலு. நான் மடிக்கணினியை அவள் மடியில் வைத்தேன்.

"கண்ணு, இது அப்பாவுக்காக. அப்படியே ஒட்டி அனுப்பிடு."

அவள் படித்தாள். அறுநூறு சொல், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "எப்பம்மா எழுதின?"

"இப்பத்தான். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தப்ப."

கோப்பின் ஓரத்தில் அதை உருவாக்கிய தேதி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நேற்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"நீ போய் அத்தைக்குச் சொல்லும்மா," என்றாள் குட்டி. "நானே பாத்து அனுப்பிக்கறேன்."

வராந்தா பெஞ்சில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தாள். ஒட்டி அனுப்ப இவ்வளவு நேரமா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது மூடியைச் சாத்தினாள்.

"அனுப்பிட்டேன்."

"எதையாவது மாத்தினியா?"

"கொஞ்சம்."

என் நாத்தனார், அதாவது குட்டியின் அத்தை, அன்று சாயங்காலம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். "நாப்பது மாடிப் பள்ளத்துல தொங்கிட்டு வேல பாத்த எங்கண்ணன், எட்டடி ஏணியிலேர்ந்து எப்படி அண்ணி விழுவாரு? நீங்க பிடிக்கலையா?"

"பிடிச்சிருந்தேன்," என்றேன். குட்டி என்னைப் பார்த்தாள். பிறகு அத்தையோடு கிளம்பிப் போய்விட்டாள். துணி, புத்தகம், பூனை எல்லாவற்றோடும். நான் தடுக்கவில்லை. எழுதுகிறவர்களுக்குத் தனிமை வேண்டும் என்று வகுப்பில் நானே சொல்வதுண்டு. இரண்டு மாதம் அவள் என் ஃபோனை எடுக்கவில்லை. தேர்வுக்குழு நேர்காணலுக்குக் கூப்பிட்டால் அந்தத் துக்கத்தோடு போனால் போதும், அள்ளிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முந்தாநாள் காலையில் தபால்காரர் கெட்டி உறை கொண்டுவந்தார். மெல்லிய உறை வந்தால் இல்லை என்று அர்த்தம், கெட்டி உறை வந்தால் உண்டு. பிரிக்காமலே தெரிந்துவிட்டது. நாற்பதாயிரத்தில் நூற்றிருபது, அதில் ஒன்று என் வீட்டு வாசலில். ஏழு நாற்காலியையும் ஓரம் தள்ளிவிட்டு, இந்த வயதில், ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். தபால்காரருக்கும் கை கொடுத்தேன். மூச்சு வாங்க நாத்தனார் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். அதிசயமாகக் குட்டியே எடுத்தாள்.

"சீட்டு கெடச்சிடுச்சுடி."

"தெரியும்மா. மெயில்ல வந்துச்சு. கதவைச் சாத்திடாத. ஆளுங்க வருவாங்க."

பத்திரிகைக்காரர்கள் என்று நினைத்தேன். தலையை வாரி, மூன்று கோப்பை எடுத்து வைத்தேன். வந்தது நீங்கள். அப்போதும் நான் கெட்ட விதமாக எதுவும் நினைக்கவில்லை. டீயில் சர்க்கரை போடலாமா என்றுதான் கேட்டேன், நினைவிருக்கும்.

ஆமாம், நான்தான். கேட்டதற்குப் பதில் அதுதான் என்றால் இதோ எழுத்திலேயே தருகிறேன்: ஏணியைப் பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் பிடிக்காமல் நின்று, என் கணவரைக் கொன்றேன். ஒரு தாய் செய்யக்கூடியதைத்தான் செய்தேன். என் மகள் உள்ளே போய்விட்டாள், எந்த நீதிமன்றமும் அந்த இடத்தைத் திருப்பி வாங்க முடியாது. என் கட்டுரைதான் வாங்கிக் கொடுத்தது என்று இன்று காலைவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு, கல்லூரியிலிருந்து உங்களுக்கு வந்த தாளை மேசை மேல் வைத்தீர்கள். குட்டி அனுப்பியது. என்னுடையதில் ஒரு வரிகூட அதில் இல்லை. 'அப்பாவுக்கு டீ எடுத்துக்கொண்டு மொட்டை மாடிப் படியின் கடைசிப் படியில் நின்றபோது, அம்மா பிடித்திருப்பதாகச் சொன்ன இரண்டு கைகளும் அவள் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தன' என்று தொடங்குகிறது. அவள் அப்பாவைப் பற்றி அதற்குப் பிறகு நாலே வரி. மீதி முழுக்க நான். ஏழாவது நாற்காலி, பூனை, வகுப்பில் நான் நிற்கும் விதம். நான் தலை சீவிவிடுவது கூட இருக்கிறது. தலைப்பு: 'அன்று நான் இழந்தது அம்மாவை'.

இரண்டு முறை படித்தேன். ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சொல். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை, 'மிகவும்' எங்கும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை. என்னைக் கேட்டால் ஒரே ஒரு தகவல் பிழைதான். அம்மாவை இழந்துவிட்டதாக எழுதியிருக்கிறாள். நான் இதோ, இங்கேதானே இருக்கிறேன்.