பெட்டி வேண்டாம் என்றவர்

"எனக்குப் பெட்டியே வேண்டாம். ஒரு பாயில சுத்தி எரிச்சு விடும்."

வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த பெரியவர் தன் மனைவியிடம் சொன்னார். கொட்டாஞ்சேனையில் ஏதோ செத்தவீட்டுக்குப் போய் வருகிறார்கள்போல. நான் ஒட்டுக்கேட்கவில்லை, அவர்தான் உரத்துக் கதைத்தார்.

"உயிரோட இருக்கேக்க அந்த மனுசன் இருந்தது பிளாஸ்டிக் கதிரையில. எரிக்கிறதுக்குத் தேக்குப் பெட்டி! ஒரு மரமெல்லோ வீணாப் போச்சு."

"எங்கட வீட்டில கிடக்கிறதும் பிளாஸ்டிக் பாய்தானேயப்பா."

"அப்ப ஓலைப்பாய் ஒண்டு வாங்கி வையும். சூழலுக்கும் நல்லது."

மனைவி அவர் பக்கம் திரும்பினார்.

"நான் முந்திப் போனா, எனக்கும் ஓலைப்பாய்தானோ?"

"சும்மா இரும். உமக்குத் தேக்குத்தான். இல்லாட்டிச் சனம் என்னைப் பற்றி என்ன கதைக்கும்?"