வீட்டிலிருந்து சேதி ஒன்றுமில்லை

பெற்றோர்களைச் சமாளிப்பதுபோல அலுப்பான வேலை வேறு இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். நானும் ஒரு பெற்றோர் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். பள்ளியில் ஓட்டப் பயிற்சி நேரத்தில் மைதான வேலியைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்குக் கத்துவார்கள். ஒரு நாள் கோச் விசிலைக் கழற்றி ஒரு அப்பாவின் கையில் கொடுத்து, "நீங்களே ஊதுங்க சார், நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். மறுவாரம் புது ஏற்பாடு வந்தது. இனி எந்தப் பெற்றோரும் அவரிடம் நேராகப் பேசக்கூடாது. எதுவானாலும் என்னிடம் சொல்ல வேண்டும். நான் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தனுப்புவேன். அவர் படித்துவிட்டுப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடுவார்.

இந்த வேலைக்கு என்னை ஏன் பிடித்தார்கள் என்றால், குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் இருபது வருடமாக இருக்கிறேன். பத்துப் புகாரில் எட்டு தானாகவே ஆறிவிடும் என்று எனக்குத் தெரியும். "என் பொண்ண வேணும்னே ஓரங்கட்டறான் அந்தாளு" என்று ஒரு அம்மா பொரிந்து தள்ளினால், "வாய்ப்புக் குறித்து ஒரு வேண்டுகோள்" என்று எழுதுவேன். இரண்டு தரப்பும் என்னைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். போகப் போக, சின்ன விஷயங்களை நோட்டில் ஏற்றாமல் நானே பதில் சொல்ல ஆரம்பித்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தொடர் ஓட்டத்தில் என் மகள் நான்காவதாக ஓடுபவள். மூன்றாவது சுண்டெலி. குட்டைப் பெண், படு வேகம், அதனால் அந்தப் பெயர். மாற்று ஓட்டக்காரி கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தாள். ஆக, இருந்தது நான்கே பேர். என் மகளுக்கு அது பள்ளியில் கடைசி வருடம். மண்டலப் போட்டியில் அணி ஜெயித்தால் விளையாட்டுக் கல்லூரியில் இடம் நிச்சயம். தனியாக ஓடினால் அவள் தேறமாட்டாள். பெற்றவனுக்குத் தெரியாதா?

போட்டி சனிக்கிழமை. வியாழன் மதியம் சுண்டெலியின் அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"அண்ணா, பாப்பா காலைல மயங்கி விழுந்துட்டா. டாக்டர் பாத்துட்டு, இதயத்துடிப்பு சரியில்ல, திங்கக்கிழமை ஸ்கேன் எடுக்கணும், அதுவரைக்கும் ஓடக் கூடாதுங்கறாரு. இவ ஓடியே தீருவேன்னு ஒரே அழுகை. சார்கிட்ட கேட்டுச் சொல்லுங்கண்ணா."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு இரண்டு குழாய் உடைப்புகளைப் பதிந்தேன். மாலையில் என் மகளிடம் நோட்டைக் கொடுத்தனுப்பினேன். பேருந்து கிளம்பும் நேரம் பற்றி ஒரு வரி மட்டும் இருந்தது. கோச் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மறுநாள் காலை நானே அந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

"சார்கிட்ட சொல்லிட்டேம்மா. போட்டின்னா இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு வர்ற படபடப்புதானாம். ஓடட்டும், நான் பாத்துக்கறேன்னாரு."

"சார் எத்தனை பிள்ளைங்களப் பாத்தவரு. அவரு சொன்னா சரிண்ணா."

அன்று மாலை பள்ளி வாசலில் கோச் என்னிடம், "பிள்ளைங்க வீட்டுல இருந்து ஏதாவது சேதி உண்டா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார், எல்லாம் நல்லபடியா இருக்கு" என்றேன்.

சனிக்கிழமை ஓட்டத்தில் சுண்டெலி குச்சியை என் மகள் கையில் சரியாக வைத்துவிட்டுத்தான் விழுந்தாள். கைமாறியபின் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது பயிற்சி. என் மகள் பார்க்கவில்லை. முதலாவதாக வந்தாள். எல்லோரும் அந்தப் பெண்ணிடம் ஓடிக்கொண்டிருந்தார்கள், நான் கை தட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

வராந்தாவில் அந்த அம்மா கோச்சின் சட்டையைப் பிடித்தார். "அண்ணன்கிட்ட சொல்லி அனுப்பினேனே சார், நீங்கதானே ஓடட்டும்னீங்க." கோச் என்னைப் பார்த்தார். "நோட்டுல எழுதியிருந்தேனே சார்" என்றேன். உண்மையில் அப்போது எழுதியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து, வியாழக்கிழமைப் பக்கத்தில் பேருந்து வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே எழுதினேன். இடம் தாராளமாக இருந்தது. மறுநாள் உங்கள் ஆட்கள் கேட்டபோது நோட்டைக் கொடுத்தேன். பதினோரு நாளாகக் கோச் உள்ளே இருக்கிறார்.

நோட்டைக் கொண்டுபோனவள் என் மகள் என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டேன். உங்கள் ஆட்கள் அந்தப் பக்கத்தின் படத்தைப் பள்ளியில் காட்டியிருக்கிறார்கள். நேற்று சாப்பிடும்போது, "நான் கொண்டுபோனப்ப அந்த வரி இல்லையேப்பா" என்றாள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். காலையில் பார்த்தால் விளையாட்டுக் கல்லூரி அனுப்பிய சேர்க்கைக் கடிதம் குப்பைக்கூடையில் கிழிந்து கிடந்தது. இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் சொல்லாவிட்டால் அவள் சொல்வாள், அதனால் வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் எழுத வேண்டாம். உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது.

மறந்துவிட்டேன், சரியாகக் காதில் விழவில்லை என்று மழுப்பப் போவதுமில்லை. டாக்டர் சொன்னது தெளிவாகவே காதில் விழுந்தது. கோச்சிடம் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அணியை விலக்கியிருப்பார். அது தெரிந்துதான் சொல்லவில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று, மேடம். அன்று அவர்கள் ஓடிய நேரம் மண்டலத்தின் பழைய சாதனையைவிடக் கால் வினாடி குறைவு. அந்த அமளியில் யாரும் அதைப் பதியவில்லை. கோச்சை வெளியே விட்டதும், அதைப் பதிய வைக்கும்படி அவரிடம் சொல்லுங்கள். நான்கு பெண்களின் பெயரும் வர வேண்டும். நான் கேட்டதாக மட்டும் சொல்ல வேண்டாம். என் மகளுக்காகக் கேட்கிறேன் என்று நினைத்துவிடுவார்கள்.